காலை ஆறேமுக்கால் அழைப்பும் இணையவாசலுக்குப் போன மனுவும்: ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன் சேவை, ஒரு மதிப்பீடு

கடன் வசூல் என்ற பெயரில் நடக்கும் மிரட்டலுக்கு எதிராக ஒரு சாமானியர் கைக்காசு செலவில்லாமல் அணுகக்கூடிய அமைப்புகளில் முதலில் சொல்லப்படுவது ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன் திட்டம் (வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியே ஆம்புட்ஸ்மன்). வங்கிகளுக்கு ஒன்று, வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ஒன்று, மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களை ஒன்றாக்கி 2021 நவம்பர் 12 அன்று இது தொடங்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் முற்பாதியில் என் தம்பிக்காக இந்தச் சேவையை நான் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்தினேன். தணிக்கையாளர் ஒருவரிடம் கணக்கெழுதும் வேலை என்னுடையது என்பதால் படிவங்களும் சுற்றறிக்கைகளும் எனக்குப் பழக்கமானவை. அந்தப் பழக்கம் இல்லாத ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்பதையும் கூடவே எண்ணிப் பார்த்து இதை எழுதுகிறேன்.

தம்பிக்குத் திருப்பூரில் எட்டு தையல் இயந்திரங்கள் கொண்ட சிறிய ஜாப் ஒர்க் கூடம். ஒரு தனியார் வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருந்தான். ஆர்டர் குறைந்ததால் 2023 டிசம்பர், 2024 ஜனவரி ஆகிய இரண்டு மாதத் தவணைகள் பவுன்ஸ் ஆயின. தவணை தவறியது அவன் பிழை. அதை அவனும் மறுக்கவில்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில் காலை ஆறேமுக்கால் மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. “நீங்கதான் அவருக்கு ரெஃபரன்ஸ். அவர் போன் எடுக்கலைன்னா நீங்க கட்டுங்க” என்றது குரல். அன்று மட்டும் பதினொரு அழைப்புகள் வந்தன. அடுத்த வாரம் தம்பி மனைவி வேலை செய்யும் பள்ளியின் அலுவலக எண்ணுக்கு அழைத்து, எடுத்த எழுத்தரிடமே கடன் தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு வாட்ஸ்ஆப்பில், அசோகச் சின்னம் போட்டு, ‘கைது ஆணை’ என்று தலைப்பிட்ட ஒரு படம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் விண்ணப்பத்தில் ‘ரெஃபரன்ஸ்’ என்று பெயர் எழுதப்பட்டவர் ஜாமீன்தாரர் அல்லர். ஜாமீன்தாரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அவருக்கும் உண்டு. ரெஃபரன்ஸ் என்பவர் வெறும் அறிமுகம். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க உரிமை இல்லை என்பது வசூல்காரருக்கும் தெரியும். அவமானத்தின் மூலம் அழுத்தம் கொடுக்கத்தான் அந்த எண் பயன்படுகிறது. கைது ஆணை என்ற படமும் அப்படித்தான். வசூல்காரர் எவரும் கைது ஆணை அனுப்ப முடியாது. ஆனால் “கடன் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கே வராது” என்று யூடியூபில் அடித்துச் சொல்பவர்களை நம்பிவிட வேண்டாம். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவும், வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை திரும்பினால் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் இருக்கின்றன. இரண்டிலும் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அந்த வழக்குகள் முறையான அறிவிப்போடு நீதிமன்றத்தின் வழியாக வரும், காலை ஆறேமுக்கால் மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வராது.

விதி என்ன சொல்கிறது என்று தேடினேன். வாகனக் கடன் வழக்கு ஒன்றில் அடியாட்களை வைத்து வசூலிக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் கடுமையாகக் கண்டித்தது. 2008 ஏப்ரலில் வசூல் முகவர்கள் குறித்து வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2022 ஆகஸ்ட் 12 அன்று வந்த சுற்றறிக்கை வங்கிகளோடு நிதி நிறுவனங்களையும் சேர்த்து இதை மேலும் இறுக்கியது: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது; சொல்லாலோ செயலாலோ மிரட்டக் கூடாது; பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது; குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் ஆகியோரின் தனிமையில் குறுக்கிடக் கூடாது; பொய்யான தகவல் தந்து ஏமாற்றக் கூடாது. எங்களுக்கு நடந்தவற்றில் இதற்குள் அடங்காதது எதுவுமில்லை. முகவர் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு என்பதுதான் இவற்றுக்கெல்லாம் அடிப்படை. “அது வெளி ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது” என்ற பதில் செல்லாது.

2008 வழிகாட்டுதல்களில் பெரும்பாலோர் கவனிக்காத இரண்டு வரிகள் உண்டு. வசூல் முகவரின் தொலைபேசி உரையாடல்களை வங்கி பதிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. கடன் வாங்கியவர் ஒரு புகார் கொடுத்திருந்தால், அதைத் தீர்த்து முடிக்கும் வரை அந்தக் கணக்கை வசூல் முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது மற்றொன்று. வேண்டுமென்றே தொடர்ந்து பொய்ப் புகார் கொடுப்பவர் என்பதற்கு வங்கியிடம் சான்று இருந்தால் மட்டும் விலக்கு. இந்த இரண்டும்தான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தன.

இனி சேவைக்கு வருவோம். ஆம்புட்ஸ்மனிடம் நேராகப் போக முடியாது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்ப வேண்டும். அது நிராகரித்தாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, 30 நாட்களுக்குள் பதிலே வராவிட்டாலோதான் மனு ஏற்கப்படும். 2024-இல் இருந்த விதிப்படி, பதில் கிடைத்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டியிருந்தது; பதிலே வராதவர்களுக்கு, புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாட்களும் அவகாசம் இருந்தது. கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞரை வைத்து மனுச் செய்யக் கூடாது. ஆனால் அதிகாரக் கடிதம் பெற்ற உறவினரோ நண்பரோ செய்யலாம். தம்பியின் கடிதத்தோடு நான் செய்தது அப்படித்தான்.

இந்த 30 நாள் நிபந்தனைதான் இச்சேவையின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தது, வட்டி கூடுதலாகப் போட்டது போன்ற கணக்குத் தகராறுகளில் ஒரு மாதம் பொறுப்பதில் பெரிய நட்டம் இல்லை. நிறுவனமே திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுப்பதும் நியாயம்தான். ஆனால் வசூல் மிரட்டல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி வாசலில் நின்று ஒருவர் கத்தும்போது, “முப்பது நாள் கழித்து வாருங்கள்” என்பது ‘வெள்ளம் தலைக்குமேல் போனபின் ஓடம் வரும்’ என்று சொல்வதற்குச் சமம். வசூல் அத்துமீறல் புகார்களுக்கு மட்டுமாவது இந்தக் காத்திருப்பை ஐந்து அல்லது ஏழு நாட்களாகக் குறைப்பதில் என்ன இடையூறு இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆயினும், பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது வேறொன்று. ஆம்புட்ஸ்மனின் பலம் அவரிடம் போவதற்கு முன்பே வேலை செய்கிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் வங்கியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். அழைப்பு வந்த தேதி, மணி, எண் ஆகியவற்றை ஓர் அட்டவணையாகப் போட்டேன். 2022 சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டேன். பள்ளிக்குச் சென்ற அழைப்பின் ஒலிப்பதிவு நகல் வேண்டும் என்று கேட்டேன். புகார் நிலுவையில் இருக்கும்வரை கணக்கை முகவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றும், 30 நாட்களுக்குப் பின் ஆம்புட்ஸ்மனை அணுகுவோம் என்றும் முடித்தேன். நிலுவையை எப்படி, எத்தனை மாதத்தில் கட்ட முடியும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தோம். கட்ட மறுப்பவர் அல்லர் என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். நான்காம் நாள் காலை அழைப்புகள் நின்றன. பெயர் சொல்லாத எண்களிலிருந்து மாலையில் வந்துகொண்டிருந்தவையும் பத்தாம் நாளோடு ஓய்ந்தன. அதற்கு முன் அதே வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் மூன்று முறை பேசி, ஒவ்வொரு முறையும் “உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது” என்ற ஒரே வாசகத்தைப் பெற்றிருந்தோம். கண்ணியமாகப் பேசிய அந்தப் பெண்ணின் மேல் குறையில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

இருபத்து நான்காம் நாள் வங்கியின் முறையான பதில் வந்தது. முகவர்கள் நெறிமுறைப்படியே நடப்பதாகவும், நாங்கள் சொல்வதற்குச் சான்று இல்லை என்றும் இரண்டு வரி. ஒலிப்பதிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிராகரிப்பு வந்துவிட்டதால் மீதி ஆறு நாட்களுக்குக் காத்திருக்காமல் மார்ச் மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் மேலாண்மை இணையவாசலில் மனுவைப் பதிந்தேன்.

இணையவாசல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யோடு உள்ளே போகலாம். நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தீர்களா, எந்தத் தேதியில், பதில் வந்ததா, இதே விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறதா என்ற கேள்விகள் முதலில் வரும். இவற்றில் ஒன்றுக்குத் தவறான பதில் தந்தாலும் மனு ஏற்பின்றி முடிந்துவிடும் என்பதால் அங்கே நிதானம் தேவை. பிறகு நடந்ததை எழுதி, ஆவணங்களை இணைத்து, கேட்கும் இழப்பீட்டைக் குறிப்பிட வேண்டும். இணையம் வழியாக முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள மையப் பெறுதல் பிரிவுக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் விளக்கம் கிடைக்கிறது.

தபாலிலும் மின்னஞ்சலிலும் போகும் மனுக்கள் எந்த ஊரிலிருந்து போனாலும் முதலில் சண்டிகரில்தான் பரிசீலிக்கப்படுகின்றன. ஏற்கத் தக்கவை மட்டுமே ஆம்புட்ஸ்மன் அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. 2023-24 நிதியாண்டில் வந்த புகார்கள் 9.34 லட்சம், ஆம்புட்ஸ்மன் அலுவலகங்களை எட்டியவை 2.93 லட்சத்தைச் சற்றுத் தாண்டியவை மட்டுமே. மற்றவை எல்லாம் பொய்ப் புகார்கள் என்று எவரும் சொல்ல மாட்டார். நிறுவனத்துக்கு முதலில் எழுதாமல் வந்தவர்கள், எழுதியதற்குச் சான்று வைக்காதவர்கள் எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள் என்று எண்ணும்போது, கிளையில் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதையே புகார் என்று நினைக்கும் நம் வழக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் மனு ஏற்கப்பட்டது. ஆம்புட்ஸ்மன் கேட்டால் நிறுவனம் 15 நாட்களுக்குள் ஆவணங்களோடு பதில் தர வேண்டும். தராவிட்டால் கையிலிருக்கும் ஆதாரத்தை வைத்தே அவர் தீர்ப்பளிக்கலாம், அப்படித் தந்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் நிறுவனத்துக்கு இல்லை. இது மிகச் சிறந்த விதி. ஒலிப்பதிவைக் கேட்டு நாங்கள் எழுதியபோது மௌனம் காத்த வங்கி, அதே கேள்வி மேலிடத்திலிருந்து வந்தபோது சமரசத்துக்கு முன்வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பின்விளைவாக ஏற்பட்ட நட்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும், நேர விரயம், செலவு, மன உளைச்சல் ஆகியவற்றுக்காகத் தனியே 1 லட்சம் ரூபாய் வரையிலும் இழப்பீடு வழங்க இத்திட்டத்தில் அப்போது அதிகாரம் இருந்தது. நாங்கள் கேட்டது 50,000. ஜூன் மாதத்தில் சமரசமாக முடிந்தது 10,000 ரூபாயிலும் ஒரு வருத்தக் கடிதத்திலும், பவுன்ஸ் அபராதங்களை நீக்குவதிலும்.

இது போதுமா என்று கேட்டால், தம்பி மனைவிக்குப் போதவில்லை. பள்ளி அலுவலகத்தில் அவர் தலைகுனிந்து நின்ற அந்த ஒரு வாரத்துக்கு எழுத்தரிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மனுவை அவர் பெயரில் தனியாகவும் பதிந்திருந்தால் வேறு விதமாக முடிந்திருக்குமோ என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இச்சேவை யாருக்கெல்லாம் பயன்படாது என்பதையும் பணம் கொடுத்து வாங்கும் பொருளின் பெட்டியில் எழுதுவதுபோல் எழுதிவிட வேண்டும். பதிவு பெறாத கடன் செயலிகள் இதன் வரம்பிலேயே வராது. கைபேசியிலுள்ள தொடர்பு எண்களை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, படத்தை வெட்டி ஒட்டி உறவினர்களுக்கு அனுப்பும் கூட்டத்துக்கு ஆம்புட்ஸ்மன் கடிதம் அனுப்பினால் வாங்க முகவரியே இராது. அங்கே போக வேண்டிய இடம் சைபர் குற்ற உதவி எண் 1930-ம் காவல் துறையும்தான். பதிவு பெற்ற நிறுவனத்தின் செயலியாக இருந்தால் நிலைமை வேறு. 2022 செப்டம்பரில் வந்த மின்னணுக் கடன் வழிகாட்டுதல்களின்படி கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அழைப்பு விவரங்களையும் செயலி தொடவே கூடாது, தொட்டால் அதுவே ஆம்புட்ஸ்மனிடம் போவதற்குரிய காரணம். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் மீதான புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். ஊர்க் கூட்டுறவுச் சங்கமும், டெபாசிட் வாங்காத, சொத்து மதிப்பு 100 கோடி ரூபாயை எட்டாத சிறிய நிதி நிறுவனங்களும் இதில் அடங்கா. கந்துவட்டிக்காரரைப் பற்றி இங்கே எழுதுவது வீண். அதற்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலைக் குற்றமாக்கி மூன்றாண்டு வரை சிறைக்கும் 5 லட்சம் வரை அபராதத்துக்கும் வழிசெய்யும் மசோதா ஒன்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

விதியின் வரம்புக்குள் இருந்தும் சேவை எட்டாதவர்கள் ஒரு சாரார் உண்டு. பவானிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தி குழுக் கடன் வாங்கியவர். நுண்கடன்களுக்கு விதி இன்னும் கண்டிப்பானது: 2022 மார்ச்சில் வந்த வழிமுறைகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரவோ அழைக்கவோ கூடாது; இருதரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வாங்க வேண்டும்; அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவரின் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ மட்டுமே ஊழியர் போகலாம். சித்தியின் சென்டரில், அதாவது குழுவினர் தவணை கட்டக் கூடும் இடத்தில், தவணை நாளன்று ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால், வந்தவர் எல்லோரையும் இரவு எட்டரை வரை உட்கார வைப்பார்கள். ஊழியர் யாரையும் திட்டுவதில்லை, கை ஓங்குவதும் இல்லை. பசியோடு வீட்டுக்குப் போக வேண்டிய மற்ற பெண்கள்தாம் அவளைத் திட்டுவார்கள். “யார் மேலடா புகார் எழுதச் சொல்ற, சாந்தாமணி மேலயா?” என்று குழுவில் உள்ள ஒருத்தியின் பெயரைச் சொல்லிச் சித்தி என்னிடம் கேட்டார். நிறுவனம் தன் கையை அழுக்காக்கிக்கொள்ளாமல் அக்கம்பக்கத்தாரை வைத்தே வசூலித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், நிறுவனத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் படிவத்துக்கு அவரால் என்ன பதில் நிரப்ப முடியும்? எட்டரை மணி வரை நிறுத்தி வைத்தது விதிமீறல்தான் என்று நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். அடுத்த கடன் கிடைக்காமல் போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: விதிகளுக்கும் அதிகாரத்துக்கும் நான்கு, அவசரத்துக்கு உதவுவதில் ஒன்றரை. மிரட்டல் உடலுக்கோ உயிருக்கோ எதிராக இருந்தால் எந்தப் படிவத்தையும் நிரப்பிக்கொண்டிராமல் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். ஆம்புட்ஸ்மன் மனு அதற்கு மாற்று அல்ல, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தடையும் இல்லை. மற்றவர்கள் முதல் அழைப்பு வந்த அன்றே தேதியும் மணியும் குறித்துக்கொள்ளத் தொடங்கலாம். அழைப்புப் பட்டியலின் படம், வாட்ஸ்ஆப் செய்திகள், வீட்டுக்கு வந்தவரின் அடையாள அட்டையும் வங்கி தந்த அதிகாரக் கடிதமும் கேட்டு அவர் காட்ட மறுத்திருந்தால் அந்த விவரம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்கான கடிதத்தை அன்று இரவே மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். 30 நாள் கடிகாரம் அந்த மின்னஞ்சலிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது, மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதியவருக்கு அது ஐம்பது நாளாகிவிடும்.

பத்தாயிரம் ரூபாயை எந்தக் கணக்கில் செலுத்துவது என்று வங்கி கேட்டபோது, அதைக் கடன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்ளும்படி தம்பி எழுதிவிட்டான். ஜூலைத் தவணைக்குப் போக மீதி ஆயிரத்து நூற்று இருபது ரூபாய் ஆகஸ்ட் மாதத்தில் கழிந்தது.